தோற்ற நாளிலும் ஏறும் கொடி

வணிகத்தில் ஒரு பொது விதி உண்டு. சரக்கு ஒருமுறை மோசமாக இருந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இரண்டாம் முறையும் மோசமாக இருந்தால் வாய் திறந்து சொல்லிப் பார்ப்பார். மூன்றாம் முறை அடுத்த கடைக்குப் போய்விடுவார். புழுத்த பருப்பை ஆண்டுக் கணக்கில் வாங்கிக்கொண்டே, "பரவாயில்லை, அடுத்த மூட்டை நன்றாக இருக்கும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் வாடிக்கையாளரை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா?

அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நகரம் நிறைய இருந்தார்கள். அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரின் 'கப்ஸ்' என்ற பேஸ்பால் அணியின் ரசிகர்களைத்தான் சொல்கிறேன். கப்ஸ் என்றால் குட்டிகள். கரடிக்குட்டிதான் அணியின் சின்னம். அந்த அணி 1908ஆம் ஆண்டு 'வேர்ல்டு சீரிஸ்' என்ற உச்சப் போட்டியில் வென்றது. அதற்கு அடுத்தபடி வென்றது 2016ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலம் 108 ஆண்டுகள்! 1909இல் பிறந்து நூறு வயது வாழ்ந்த ஒரு சிகாகோக்காரர்கூட, தன் அணி கோப்பை தூக்கியதைப் பார்க்காமலேயே கண்ணை மூடியிருப்பார்.

ஆனாலும் ரசிகர்கள் கடை மாறவில்லை. அதே ஊரில் 'வைட் சாக்ஸ்' என்று இன்னொரு பேஸ்பால் அணி இருக்கிறது. அது 2005இல் கோப்பையும் வென்றது. கப்ஸ் ரசிகர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இவர்கள் ஏமாளிகளா? அல்லது நம்பிக்கையைக் காப்பாற்றி வைக்கும் வித்தை ஏதாவது இவர்களுக்குத் தெரியுமா? மந்தமான சந்தையில் காலையில் கடைக்கதவைத் திறக்கும் ஒவ்வொரு வணிகரும் யோசித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி இது.

தினசரி வியாபாரம் போன்ற ஆட்டம்

முதலில் ஆட்டத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. மட்டை உண்டு, பந்து உண்டு, ஓட்டம் உண்டு. ஆனால் எப்போதோ ஒருமுறை நடக்கும் ஆட்டம் அல்ல. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஆரம்பித்து, செப்டம்பர் முடிய ஏறக்குறைய தினந்தோறும் நடக்கிறது. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் 162. அக்டோபரில்தான் தகுதி பெற்ற அணிகளுக்கான இறுதிச் சுற்றுகள்.

இந்த ஆட்டத்தில் தோல்வி சாதாரணச் சரக்கு. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடிப்பவர் நட்சத்திர வீரர். ஏழு முறை சும்மா திரும்புகிறார் என்று யாரும் அவரை ஏசுவதில்லை. பேஸ்பால் வட்டாரத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. எந்த அணியானாலும் 60 ஆட்டம் ஜெயிக்கும், 60 ஆட்டம் தோற்கும். மிச்சம் 42 ஆட்டத்தில் என்ன செய்கிறாய் என்பதுதான் வித்தியாசம் என்பார்கள்.

இதைக் கப்ஸ் அணியின் கணக்கிலேயே சரிபார்க்கலாம். மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று 2012. அந்த ஆண்டு 101 தோல்வி. ஆனால் 61 வெற்றி! அதாவது, படுதோல்வி ஆண்டிலும் 61 நாள் ரசிகர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று 2016. அந்த ஆண்டு வழக்கமான பருவத்தில் 103 வெற்றி. ஆனால் 58 தோல்வி! கோப்பை வென்ற ஆண்டிலும் 58 நாள் முகம் தொங்கியது.

கடை நடத்துகிறவர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன? போணி ஆகவே நேரமாகும் நாளும் உண்டு. கல்லாவில் உட்கார நேரமில்லாத நாளும் உண்டு. நல்ல ஆண்டு என்பது மந்தமான நாளே இல்லாத ஆண்டல்ல. மோசமான ஆண்டு என்பது நல்ல நாளே இல்லாத ஆண்டும் அல்ல. நம்பிக்கை மொத்தக் கொள்முதலாக வருவதில்லை, சில்லறையாகத்தான் வருகிறது. கப்ஸ் ரசிகர் அதை அன்றன்று வாங்கினார், அன்றன்று செலவழித்தார். அதனால்தான் 108 ஆண்டுகளும் அவர் கையிருப்பு தீரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பருவம் முடிந்ததும் எல்லா அணிகளின் கணக்கும் சுத்தமாக அழிக்கப்படும். அடுத்த பருவத்தின் முதல் நாள் காலையில் முதல் அணிக்கும் பூஜ்யம், கடைசி அணிக்கும் பூஜ்யம். ஏப்ரலில் நாம் புதுக் கணக்கு எழுதுவது போல! "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பது தோற்ற அணிகளின் ரசிகர்களுக்கு ஒரு மந்திரம் போலவே ஆகிவிட்டது.

தோல்வியின் பேரேடு

அந்தப் பேரேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். 1908க்குப் பிறகு 1945 வரை ஏழு முறை கப்ஸ் உச்சப் போட்டிக்குப் போய் ஏழு முறையும் தோற்றது. 1945ஆம் ஆண்டுப் போட்டியின்போது ஒரு கதை பிறந்தது. வில்லியம் சியானிஸ் என்பவர் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறி மதுக்கடை நடத்தியவர். தன் கடைக்கு அடையாளமாக ஓர் ஆட்டுக்கிடா வளர்த்தார். அந்தக் கிடாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனார். நாற்றம் அடிக்கிறது என்று இருவரையும் வெளியேற்றிவிட்டார்கள். அவர் விட்ட சாபத்தால்தான் அணி விளங்காமல் போயிற்று என்று ஊரே பேசிக்கொண்டது.

1947 முதல் 1966 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் பட்டியலின் கீழ்ப் பாதியிலேயே கிடந்தது அணி. 1969இல் பருவத்தின் பெரும்பகுதி முன்னணியில் இருந்தது. ஊரே கொண்டாட்டத்துக்குத் தயாரானது. கடைசி வாரங்களில் சரிந்து, நியூயார்க் மெட்ஸ் அணியைவிட 8 ஆட்டங்கள் பின்தங்கி முடிந்தது. 1984இல் ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டை வென்று, அடுத்த மூன்றையும் தோற்றது. 2003இல் உச்சப் போட்டிக்குள் நுழைய இன்னும் ஐந்தே ஆட்டக்காரர்களை வெளியேற்ற வேண்டிய நேரத்தில், 3-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் கைநழுவியது.

எர்னி பேங்க்ஸ் என்ற மாபெரும் வீரர் 1953 முதல் 1971 வரை இந்த ஓர் அணிக்கே ஆடினார். 2,528 ஆட்டங்கள், 512 ஹோம் ரன்கள். ஆனால் ஒரே ஒரு முறைகூட இறுதிச் சுற்றுகளில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாசகம் எது தெரியுமா? "இன்று நாள் நன்றாக இருக்கிறது, இரண்டு ஆட்டம் ஆடுவோம்" என்பதுதான். நாற்காலியில் சாய்ந்து உபதேசம் செய்தவர் பேச்சல்ல அது. தோற்கும் அணியில் 19 பருவங்கள் வெயிலில் நின்றவர் பேச்சு.

முதலாளியின் பங்கு

இங்கே அணியின் முதலாளி கதையையும் சொல்ல வேண்டும். நம்மில் பலரின் கடையில் விற்றிருக்கும் 'டபுள்மின்ட்' சூயிங்கம் ரிக்லி கம்பெனியின் சரக்கு. அந்த வில்லியம் ரிக்லி 1891இல் சிகாகோவுக்கு வந்தபோது சோப்பு வியாபாரி. சோப்பு வாங்கிய கடைக்காரர்களுக்கு பேக்கிங் பவுடரை இலவசமாகக் கொடுத்தார். பவுடருக்குக் கிராக்கி கூடியதும் பவுடர் வியாபாரத்துக்கே மாறி, அதோடு சூயிங்கத்தை இலவசமாகக் கொடுத்தார். சூயிங்கத்துக்கு அதைவிடக் கிராக்கி! உடனே சூயிங்கத்தையே சரக்காக்கினார். வாடிக்கையாளர் எதை விரும்புகிறார் என்று கண் வைத்துப் பார்த்த வியாபாரி. அவர்தான் பின்னாளில் கப்ஸ் அணியை வாங்கினார். மைதானத்துக்கு 'ரிக்லி ஃபீல்டு' என்ற பெயரும் அவரால் வந்தது.

1932இல் அவர் காலமானதும் மகன் பிலிப் ரிக்லி கைக்கு அணி வந்தது. மகன் மைதானத்தை மிக அழகாக வைத்துக்கொண்டார். சுவரெல்லாம் பச்சைக் கொடி படர்ந்தது. குடும்பத்தோடு வாருங்கள், வெயில் காயுங்கள், பொழுது போக்குங்கள் என்று விளம்பரம் செய்தார். ஆனால் அணி? 1961, 1962 ஆண்டுகளில், தலைமைப் பயிற்சியாளர் என்று ஒருவரை நிரந்தரமாக வைக்காமல், பலரை மாற்றி மாற்றி அமர்த்தும் விசித்திர ஏற்பாட்டையும் செய்து பார்த்தார். 1962இல் 103 தோல்வி. கல்லாவில் நாளுக்கு ஒருவர் உட்கார்ந்தால் கடை என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பந்தலை அலங்கரித்தவர் பந்தியைக் கவனிக்கவில்லை. எப்படியும் வருவார்கள் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் காட்டும் அலட்சியம் அது. ரசிகரின் நம்பிக்கையில் குறையில்லை; அதை வைத்துக் காலம் தள்ளிய நிர்வாகத்தில்தான் குறை. வாடிக்கை என்பது வாடிக்கையாளர் நமக்குத் தரும் கடன். வட்டி கேட்கமாட்டார் என்பதால் அசலையும் மறந்துவிடலாமா?

கொடியின் பாடம்

ஏமாளிகளா என்ற கேள்விக்கு வருவோம். ரிக்லி மைதானத்தின் ஸ்கோர் பலகை 1937இல் கட்டப்பட்டது. இன்றும் ஆட்கள் கையால் எண்களை மாற்றும் பலகை. ஆட்டம் முடிந்ததும் அதன் உச்சியில் ஒரு கொடி ஏறும். வென்றால் வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ'. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்'. அந்தப் பக்கமாக ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் அன்றைய முடிவைத் தெரிந்துகொள்ள அது உதவியது.

வென்ற நாளில் கொடி ஏற்றுவது யாருக்கும் கைவந்த கலை. தோற்ற நாளிலும் ஏற்றினார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. தோல்வியை மறைக்காமல் உயரத்தில் கட்டி ஊருக்குக் காட்டினார்கள். ரசிகர்களும் அப்படித்தான். எந்த ஆண்டு எப்படித் தோற்றோம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பற்றையும் வரவையும் ஒளிக்காமல் எழுதியவர்கள் ஏமாளிகள் ஆவது எப்படி? நட்டம் இல்லை என்று சாதிப்பவன்தான் ஏமாளி. நட்டம் இவ்வளவு, நாளைக்கும் கடை உண்டு என்பவன் ஏமாளி அல்லன்.

நம்பிக்கை கசந்த நேரங்கள்

அதற்காக எல்லாம் இனிப்பு என்று எழுதிவிட முடியாது. 2003ஆம் ஆண்டு ஆட்டத்தில், எல்லைக்கு வெளியே கூட்டத்தருகில் விழுந்த ஒரு பந்தைப் பிடிக்கப் பார்வையாளர்கள் சிலர் கை நீட்டினார்கள். அதில் ஒருவர் கை பட்டதால், கப்ஸ் ஆட்டக்காரர் அதைப் பிடிக்க முடியாமல் போனது. அதன்பின் அதே சுற்றில் ஆட்டக்காரர்களே தவறு செய்தார்கள். எதிரணி எட்டு ஓட்டம் எடுத்தது. மறுநாள் இன்னோர் ஆட்டம் மிச்சம் இருந்தது. அதையும் அணிதான் தோற்றது. ஆனால் பழி முழுவதும் அந்த ஒரு ரசிகர் தலையில் விழுந்தது. காவலர் துணையோடு அவரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பிறகு அவர் பொது வாழ்விலிருந்தே மறைந்து வாழ்ந்தார். அவரும் சிறு வயது முதல் கப்ஸ் ரசிகர்தான்!

ஆண்டு முழுதும் கணக்கு சரியில்லாத கடையில், ஒரு நாள் எண்ணெய்க் கேனைக் கவிழ்த்த பையனைப் பிடித்து அடிப்பது போன்றது இது. ஆட்டுச் சாபத்தைச் சொல்வதும், ஒரு பார்வையாளர் கையைச் சொல்வதும் ஒன்றே. உண்மைக் காரணத்தைத் தேடாத நம்பிக்கை, பலி தேடும் வெறியாக மாறிவிடும்.

இன்னொரு கசப்பு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்தது. அங்கிருந்த டாட்ஜர்ஸ் அணி 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை உச்சப் போட்டியில் யாங்கீஸ் அணியிடமே தோற்றது. ரசிகர்கள் "அடுத்த ஆண்டு" என்று சொல்லிச் சொல்லியே காத்திருந்தார்கள். 1955இல் அந்த அடுத்த ஆண்டு வந்தே விட்டது. ஆனால் 1957 பருவம் முடிந்ததும் முதலாளி அணியை லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மாற்றிவிட்டார். 1960இல் பழைய மைதானத்தை இடித்து, அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. நம்பிக்கைக்கு யாரும் ரசீது தருவதில்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் நம்ப வேண்டும்.

கணக்கைத் திறந்து வைத்தவர்கள்

கப்ஸ் கதை எப்படித் திரும்பியது? ஆட்டுக்குச் சாந்தி செய்ததாலல்ல. 2009இல் ரிக்கெட்ஸ் குடும்பத்தினர் அணியை வாங்கினார்கள். 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டீன் என்ற நிர்வாகியை அழைத்து வந்தார்கள். பாஸ்டன் நகரின் ரெட் சாக்ஸ் அணிக்கு 86 ஆண்டுகளுக்குப் பிறகு 2004இல் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். வந்ததும் அவர் செய்த காரியம் அஸ்திவாரத்தைத் தோண்டியது. விலை ஏறிப்போன பழைய ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, வளரும் இளைஞர்களைச் சேர்த்தார். உடனே பலன் வராது, சில ஆண்டுகள் வலிக்கும் என்பதை ஒளிக்கவில்லை.

வலித்தது. 2012இல் 101 தோல்வி, 2013இல் 96, 2014இல் 89. அந்த 2012ஆம் ஆண்டிலும் மைதானத்துக்கு வந்தவர்கள் 28 லட்சத்துக்கு மேல்! இந்தப் பொறுமைதான் அணிக்குக் கிடைத்த மூலதனம். எந்த வங்கியும் அப்படிப்பட்ட கடன் தராது. 2015இல் 97 வெற்றி. 2016இல் 103.

உச்சப் போட்டியிலும் சுலபமாகக் கிடைக்கவில்லை. கிளீவ்லாந்து அணியிடம் 3-1 என்று பின்தங்கி, பிறகு சமன் செய்து, கடைசி ஏழாவது ஆட்டத்தில் 6-3 என்று இருந்த முன்னிலையும் போய் 6-6 ஆனது. அப்போது மழை! 17 நிமிடம் ஆட்டம் நின்றது. ஜேசன் ஹேவர்ட் என்ற ஆட்டக்காரர், அந்தப் பருவத்தில் சரியாக அடிக்காதவர், தோழர்களை ஒரு அறையில் கூட்டித் தைரியம் சொன்னார். மழை விட்டதும் இரண்டு ஓட்டம் எடுத்து 8-7 என்று கப்ஸ் வென்றது. சாபம் தீர்ந்தது என்று எழுதினார்கள். ஐந்து ஆண்டு உழைப்புக்குச் சாபம் என்ன செய்யும்?

சுவரில் எழுதிய பெயர்கள்

அதன்பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். வெற்றிச் செய்தி கேட்ட மக்கள் சாக்பீஸ் கட்டிகளோடு ரிக்லி மைதானத்துக்குப் போனார்கள். வெளிச் செங்கல் சுவரில் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். யார் பெயர்? அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன் என்று வெற்றியைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். சுவர் நிரம்பி வழிந்தது. எர்னி பேங்க்ஸ்கூட 2015 ஜனவரியில் காலமாகிவிட்டார். ஓராண்டு ஒன்பது மாதம் முந்திவிட்டார். 1984இல் அணிக்குப் பாட்டு எழுதிய ஸ்டீவ் குட்மேன் என்ற சிகாகோ பாடகர், 36 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த நான்காம் நாள்தான், 39 ஆண்டுகளுக்குப் பிறகு அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. சொந்த மைதானத்தில் அணி வெல்லும்போதெல்லாம் இன்றும் அவர் பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

அந்தச் சுவர் என்ன சொல்கிறது? வெற்றியைக் காணாத தாத்தாவின் நம்பிக்கை வீண் போகவில்லை என்று சொல்கிறது. அவர் பேரனைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போன மாலைப் பொழுதுகள்தான் அவருக்குக் கிடைத்த லாபம். அது அன்றன்றே வரவு வைக்கப்பட்டுவிட்டது. 2016இல் வந்தது பேரனுக்கான போனஸ். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் 108 ஆண்டையும் நட்டக் கணக்கில் எழுதுவார்கள்.

2017இல் அணி நிர்வாகம் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. 2003இல் பழி சுமந்த அந்த ரசிகருக்கு, ஆட்டக்காரர்களுக்கு அளித்தது போன்ற வெற்றி மோதிரத்தைப் பரிசளித்தது. கணக்கில் இருந்த பழைய பாக்கியைத் தீர்த்த செயல் என்றே அதைச் சொல்வேன்.

மறுபடியும் புதுக் கணக்கு

2016க்குப் பிறகு 2025 வரை கப்ஸ் மீண்டும் கோப்பை வெல்லவில்லை. அன்று கோப்பை வாங்கித் தந்த முக்கிய வீரர்கள் பலரை 2021 ஜூலையில் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று தோற்ற கிளீவ்லாந்தின் ரசிகர்களோ 1948 முதல் காத்திருக்கிறார்கள். இப்போது மிக நீண்ட வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். ஏப்ரல் வந்தால் இரண்டு ஊரிலும் மைதானம் திறக்கும். பூஜ்யத்திலிருந்து கணக்கு தொடங்கும்.

வணிகப் பெருமக்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று செய்திகள் உண்டு. முதலாவது, நம்பிக்கையைச் சில்லறையாகவே வாங்குங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக வரட்டும் என்று காத்திருந்தால் வழியிலேயே மனம் ஒடிந்துவிடும். இரண்டாவது, தோற்ற நாளின் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள்; ஆட்டின் மீதும் பையன் மீதும் பழி போடாதீர்கள். மூன்றாவது, மோசமான காலத்திலும் நம் படி ஏறி வருகிற வாடிக்கையாளரை எப்படியும் வருவார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தருவது கடன். கொடுத்தவர் கேட்காவிட்டாலும் வாங்கியவர் மறக்கக் கூடாது.

நேற்றைக்கு 'எல்' கொடி ஏறியிருக்கலாம். இன்றைக்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது. கதவைத் திறப்போம்!